குணம் அண்ணையின் பூட்டாத டயர்

குணம் அண்ணை போய்விட்டார்.

முந்தநாள் வீட்டு மாடிப்படியில் விழுந்தவர், பிறகு எழும்பவில்லை. இன்று காலை வேலைக்கு பஸ்ஸில் போகும்போதுதான் போன் வந்தது... இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் விட்டுவிட்டேன்.

இங்கே சுவிஸில் பலருக்கு அவரைத் தெரியாது. கலைவிழாவுக்கு வந்து முன்வரிசையில் இருக்கிற ஆளில்லை. எண்பதுகளில் கூர் நகரத்துக்கு மேலே, மலையில் ஒரு ரெஸ்டோரன்டில் நானும் அவரும் கோப்பை கழுவினோம்.

வேலை முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். அதனால் அண்ணை ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். காடு மேடெல்லாம் ஓடுகிற உயரமான சாமான், ஒரு விவசாயி கழித்துவிட்டது. அவர் ஓட்ட, நான் பின்னால்.

பாதி வழி தார். மிச்சம் கல்லும் சேறும் மாட்டுச் சாணியும்... அதற்குக் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டு நிற்கிற டயர்தான் வேண்டும்.

அடிவாரத்தில் டயர் விற்ற சுவிஸ் கிழவர் இரண்டு விதம் எடுத்து வைத்தார். ஒன்று பேர்போன கம்பனி. மற்றது யாருக்கும் பேர் தெரியாத கம்பனி, பாதி விலை.

கிழவர் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஜெர்மனுக்கு எங்கே போவேன்... அவர் விரலைக் காட்டினார், நான் எண்ணினேன்.

"அண்ணை, நல்லது மூண்டு சம்மர் ஓடுமாம். மலிவு ஒரு சம்மர்தானாம். மழைக்கு வழுக்குமாம்."

"மூண்டு சம்மருக்கு என்னை இஞ்ச வைச்சிருப்பாங்களோ எண்டு அந்தாளிட்டைக் கேள்."

கேட்கவில்லை. அதைக் கேட்கிற அளவுக்கு ஜெர்மன் என்னிடம் இல்லை.

அந்த நாளில் எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். அகதி விசா எத்தனை மாதத்துக்கோ, அத்தனை மாதத்துக்குத்தான் சாமான். பெரிய உப்புப் பெட்டி வாங்கினால்கூட "ஏன், இஞ்சயே இருக்கப் போறியோ?" என்று அறையில் கேட்பார்கள்.

அண்ணை அதில் மன்னன். மழைக்கோட்டே வாங்காமல் மழை நாட்டில் இருந்தவர்.

"குளிக்கிற சவர்க்காரத்தைப் பாதியா வெட்டித் தரச்சொல்லிக் கேக்கட்டோ அண்ணை?" என்று நக்கலடிப்பேன். "கேட்டுப் பார்" என்பார், சிரிக்காமல்.

மலிவு டயர்தான் பூட்டினோம். ஒரு மழைநாள் வளைவில் சறுக்கி, இரண்டு பேரும் சாணிக்குள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு மேய்வதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

"அண்ணை, டயர்..."

"டயரிலை பிழையில்லை. அந்த மாடு சிரிச்சது, நான் பாத்திட்டன்."

சம்மர் முடிய டயர் வழுக்கை. அவருடைய தலையும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. "எது முதல் முடியும் அண்ணை?" என்று கேட்டால் செருப்பைத் தேடுவார்.

அடுத்த வருடமும் அதே மலிவு டயர். அதற்கடுத்த வருடம்தான் ஆச்சரியம்... தானாகவே கடைக்குப் போய், பேர்போன கம்பனி டயர் ஒரு சோடி வாங்கி, தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு அறைக்கு வந்தார்.

விசாரணைக்குப் போய் வந்திருந்தார். கேஸ் நன்றாகப் போகிறது என்று லோயர் சொன்னாராம். விசா வந்தால் ஊரிலிருந்து அவருடைய மனைவியை, நாங்கள் அக்கா என்று சொல்கிறவரை, கூப்பிடலாம்.

"பின்னாலை ஆள் இருந்தா மலிவு டயர் சரிவராது" என்றார்.

"அப்ப இவ்வளவு நாளும் பின்னாலை இருந்த நான் ஆளில்லையோ?"

"நீ விழுந்தா எழும்புவாய். அவ பயப்பிடுவா."

எலுமிச்சம்பழம்கூட வாங்கி வைத்தார். விசா வருகிற அன்று டயரைப் பூட்டி, பழத்தைக் கீழே வைத்து நசுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஊரில் புது வாகனத்துக்குச் செய்வோமே, அப்படி.

மறுப்புத்தான் வந்தது.

அடுத்தநாள் அண்ணை அந்த எலுமிச்சம்பழத்தைத் தேத்தண்ணிக்குள் பிழிந்து குடித்தார். டயரை என்னிடம் தந்தார்.

"கிழவன் நல்லவன் அண்ணை, திருப்பி எடுப்பான்."

"குடுக்காதை. என்ரை கண்ணிலை படாத இடத்திலை வை."

கட்டிடத்துக்குக் கீழே நிலவறையில், கெல்லருக்குள், கொண்டுபோய் வைத்தேன்.

அவரைத் திருப்பி அனுப்பவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. ஒரு மேன்முறையீடு, பிறகு இன்னொன்று... சம்மருக்குச் சம்மர் மலிவு டயர்.

"அண்ணை, கெல்லருக்குள்ளை இருந்து டயர் கேக்குது, அக்கா எப்ப வாறாவாம்?"

"வரட்டும், பூட்டுவம்."

எண்பதுகளின் கடைசியில், ஊரில் சண்டையால் பாதையெல்லாம் மறித்துக் கிடந்த நேரம், அக்காவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லையாம். செய்தி இங்கே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கனநாள்.

அதற்குப் பிறகு நான் டயர்க் கதை எடுக்கவில்லை.

விசா பிறகு வந்தது. மோட்டார் சைக்கிளை அதற்கு முதலே கழித்துவிட்டார். விசா வந்த அன்றும் கோப்பைதான் கழுவினார்.

இன்று வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து கெல்லரைத் திறந்தேன். எத்தனை வீடு மாறினாலும், மனைவி பேசப் பேச, அந்த இரண்டையும் கொண்டுதான் திரிந்திருக்கிறேன்.

புது டயரில் முடி மாதிரிச் சின்னச் சின்ன ரப்பர் நீட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் ஓடினாலே தேய்ந்துவிடும். அவை அப்படியே நிற்கின்றன... டயர்தான் காய்ந்து வெடிப்பு விட்டுப் போயிற்று. இனி எதற்கும் உதவாது.

சனிக்கிழமை கூரில் இறுதிக்கிரியை. தெரிந்தவர்கள் வாருங்கள். அவருக்கென்று இங்கே யாரும் இல்லை.

போயிட்டு வாங்கோ அண்ணை. இந்தமுறை பின்னாலை நான் இல்லை... வளைவிலை மெல்லமாப் போங்கோ.