இடுப்பளவு மரம்

பதுளையில் ஏழாம் வகுப்பு படித்தபோது, விஞ்ஞானப் பாடத்தில் தாவரங்களைப் புல்பூண்டு, செடி, மரம் என்று வகைப்படுத்தச் சொன்னார் மாஸ்டர். நான் தேயிலையை மரத்தில் சேர்த்தேன். அவர் சிவப்பு மையால் அடித்தார்.

"இடுப்பளவு நிக்கிறது மரமா?"

"கவ்வாத்து வெட்டுறதாலதான் சார் அப்படி நிக்குது. எங்க தோட்டத்து லயத்து வீடுங்களுக்கு மேல, வெதைக்குன்னு வெட்டாம விட்டது கூரைய விட உசரம்."

வகுப்பே சிரித்தது. "செடின்னு திருத்து" என்றார். திருத்தவில்லை. வெளியே நிறுத்தினார், நின்றேன்.

சாயங்காலம் பசறை பஸ்ஸில் வந்து இறங்கினால், லயத்து வாசலில், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி, அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பொட்டப்புள்ளைக்கு இம்புட்டுப் படிப்பு போதும். நாளைக்குக் காலையில ஆள் கூடுற பெரட்டுக் களத்துக்கு வரட்டும், வேலைக்குப் பேர் பதிஞ்சிருவோம்."

அப்பா தலையாட்டப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"வரமாட்டேங்க. கொழுந்து எடுக்கிறது கேவலமில்ல. ஆனா என்னைய எந்த உசரத்துல கவ்வாத்து வெட்டணும்னு நீங்க முடிவு பண்ணாதீங்க."

கங்காணி அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையாட்டவில்லை.

மறுநாளும் அதே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன். உயிருள்ளவை எல்லாம் வளரும் என்பது அந்த விஞ்ஞானப் பாடத்தின் முதல் வரி. அதை அடிக்க எவரிடமும் சிவப்பு மை இல்லை.