எடை வரிசையில் கடைசி இடம்

நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். மாலையில் பழத்தை எடை போடும்போது, பறித்துவந்த பெண்கள் முண்டியடிப்பார்கள். உயரமான ஓர் அம்மா மட்டும் எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில் நிற்பார். அவருடைய மூட்டைமேல் சின்ன வேதாகமம் விரிந்திருக்கும், உதடுகள் அசைந்துகொண்டிருக்கும்.

பரிதாபப்பட்டு ஒருநாள் அவரை முதலில் கூப்பிட்டேன்.

"வேண்டாமுங்க. ஊட்டுக்குப் போனா அடுப்பு, இங்க வந்தா மேஸ்திரி. நான் ஆண்டவர்கிட்டப் பேசறதுக்கு இந்த வரிசைதானுங்க இருக்குது. அதையும் புடுங்கிக்காதீங்க."

மறுநாள் புதிதாக வந்த பெண் ஒருத்தி அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"நீ முன்னால போ கண்ணு" என்று சிரித்தபடி அனுப்பிவைத்தார்.

தங்கமான மனசு என்றார்கள் மற்றவர்கள். எனக்கல்லவா தெரியும். அந்த இடத்தை மட்டும் அவர் யாருக்கும் விட்டுத்தர மாட்டார்.