இடப்பக்கம் இறங்கிய வண்டியும் என் எடையும்

என் பதின்மூன்றாம் வயதில், இரண்டு மூன்று நாள், மீன் ஏற்றும் பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை என் உடம்பின் கனத்தால் நானே உட்கார வைத்துவிட்டேன் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். ஐஸ் உருகிச் சொட்டும் மீன்தண்ணியும் டீசலும் வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட்டும் கலந்த அந்த வாடை இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

வண்டி எங்கள் அத்தாவுடையது, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். விடிந்ததும் மீமிசலில் மீன் ஏற்றி, ஆவுடையார்கோவில், அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் இடது ஜன்னலோரம் எனக்கு. அந்த சீட்டில் முழங்கையை வெளியே நீட்டி உட்கார்ந்து, தெருப் பயல்களைத் தெரியாதவன்போலப் பார்த்துக்கொண்டு போகிற சுகத்துக்காகவே நான் வருஷம் முழுக்கப் பரீட்சை எழுதினேன் என்று சொல்லலாம்.

அந்தக் கோடை லீவில் வண்டியின் மூக்கு இடப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. எங்கள் வண்டிக்கு முன்னால் ஸ்பிரிங் பட்டை கிடையாது, ‘டார்சன் பார்’. வண்டியின் அடிச்சட்டமான சேஸை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் இரும்புக் கம்பி அது, சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஈரக் கைலியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். அதன் பின்முனையில் ஒரு போல்ட்டு. இறுக்கினால் அந்தப் பக்கம் எழும்பும், தளர்த்தினால் இறங்கும். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் இரண்டு பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு சிறுவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்.

முதல் மனிதர் என் அத்தா. இரண்டாமவர் மீமிசல் ரோட்டோரம் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் செல்வம் அண்ணன். அவருடைய அளவுகோல் அவருடைய விரல்கள். டயருக்கும் மட்காடுக்கும் நடுவில் கையைச் செருகினார்: வலப்பக்கம் நாலு விரல், இடப்பக்கம் இரண்டரை. இடப்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்து, போல்ட்டை அரைச் சுற்றுச் சுற்றி, ஜாக்கியை இறக்கி, மறுபடி கையைச் செருகினார். அச்சு அசலாக நாலு விரல். “போய் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்க பாய்” என்றார். நான் குதித்து ஏறினேன். உப்பளம் வரைக்கும் போய்த் திரும்பினோம். இரண்டரை விரல்.

மறுநாளும் தூக்கினார், சுற்றினார், இறக்கினார், நாலு விரல். நான் ஏறிப் போய் வந்தேன், இரண்டரை. மூன்றாம் நாள் செல்வம் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“பாய், வண்டியில ஒரு கோளாறுமில்ல. நான் ஏத்தி விடுறேன், இவரு ஏறுறாரு, எறங்கிருது. நீங்களே மூணு நாளா பாக்குறீங்கள்ல?”

அத்தாவும் பார்த்தார். “ஏன்டா, ஒங்கம்மா ஒனக்கு மட்டும் தனியா ஆக்கிப் போடுறாளா? நாளையிலேர்ந்து நீ வர வேணாம்.”

என் சீட்டு போயிற்று. அதைவிடக் கொடுமை, எனக்கே அது நியாயமாகப் பட்டது. சாட்சி நாலு விரலாகவும் இரண்டரை விரலாகவும் கண்ணெதிரே இருக்கும்போது என்ன சொல்ல? அன்று சாயங்காலம் ஏலக்கூடத்துக்குப் போய் யாரும் பார்க்காதபோது மீன் தராசில் ஏறி உட்கார்ந்தேன். நாற்பத்தொரு கிலோவும், கால்சட்டை முழுக்க மத்தி வாடையும் கிடைத்தன. அடுத்த நாள் சின்னம்மா வீட்டுக் கல்யாணம். நாலு பேர் ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில் உட்கார்ந்து, என் பக்கத்துக் கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக மற்ற மூவர் பக்கம் தள்ளிவிட்டேன். என் வாழ்நாளில் பிரியாணிக்கு நான் செய்த ஒரே துரோகம் அது. இப்படியே போனால் வீட்டுத் தரையும் ஒருநாள் இறங்கும் என்று பயந்து பாயின் ஓரமாகப் படுத்தேன்.

விஷயம் தெரிந்து அம்மா அத்தாவைப் பிடித்துக்கொண்டார். “இருவது பெட்டி ஐஸு மீனு பின்னாடி ஏத்துறீங்க. எம்புள்ள ஒருத்தன்தான் ஒங்க வண்டிக்குப் பாரமாப் போயிட்டானா?”

“அது பின்பக்கம். இது முன்பக்கம்” என்றார் அத்தா, ஏதோ சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல.

ஐந்தாம் நாள் அம்மாவே என்னைக் கொட்டகைக்கு அனுப்பினார்: போய் நில், ஏறாதே. செல்வம் அண்ணன் தூக்கி, சுற்றி, இறக்கினார். நாலு விரல். நான் பழைய டயர் ஒன்றின்மேல், அதையாவது அமுக்கிவிடாமல், பாதி எடையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இருவர் மட்டும் போய் வந்தார்கள். செல்வம் அண்ணன் கையைச் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். இரண்டரை.

“இவன்தான் ஏறலையே?” என்றார் அத்தா.

“அதான் பாய் நானும் யோசிக்கிறேன்.” தலையைச் சொறிந்தார். “ஒருவேளை முந்தாநேத்து வரைக்கும் ஏறுனது இன்னைக்கித்தான் காட்டுதோ என்னமோ.”

இப்போது சொல்லுங்கள், எனக்குக் கோபம் வருமா, வராதா?

நல்லவேளை, அந்த வாதத்தில் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. மறுபடி தூக்கி இறக்கி அளந்தார், நாலு. பிறகு ஏதோ தோன்றி, “பாய், ஒரு கை கொடுங்க” என்று வண்டியை இருவருமாக முன்னும் பின்னும் பத்தடி உருட்டி, பானட்டை நாலு அமுக்கு அமுக்கி அளந்தார். என்னை ஏற்றாமலே, கொட்டகை வாசலிலேயே, இரண்டரை. அவர் முகத்தை நான் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜாக்கியை வைத்து இரண்டு முழுச் சுற்று இறுக்கி, இறக்கி, உருட்டி, அளந்தார். நாலு விரல். உப்பளம் போய் வந்தபின்னும் நாலு விரல்.

மறுநாள் விடியற்காலையில் வாசலில் ஹாரன் அடித்தது. “ஏறுடா” என்றார் அத்தா. ஆவுடையார்கோவில் தாண்டியதும் எதிரே பஸ் வந்தது. அந்த ஒற்றைத் தார் ரோட்டில் பஸ்ஸுக்கு வழிவிட நம் இடது சக்கரம்தான் மண்ணில் இறங்கவேண்டும். ‘தடால்’ என்று இறங்கியது. ஐந்து நாளாக யாரும் தேடாத குற்றவாளி என் கால்மாட்டிலேயே இருந்தான்.

இன்று அந்த ரோடு அகலமாகிவிட்டது. பஸ்ஸுக்காக யாரும் மண்ணில் இறங்குவதில்லை. வண்டி எப்போதோ உடைப்புக்குப் போயிற்று. கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. நான் இப்போது அந்த நாற்பத்தொரு கிலோவைப்போல இரண்டு மடங்கு; எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் மட்காடைப் பார்க்கிறேன். அன்று தள்ளிவிட்ட கறித்துண்டுகளுக்கும் எனக்கும் இன்றுவரை யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

நடந்தது இதுதான்: தினமும் இடது சக்கரம் மண்ணில் இறங்கியதில் அந்தப் பக்கத்துக் கம்பி தளர்ந்திருந்தது. அரைச் சுற்று அதற்குப் போதவில்லை. ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டி கொஞ்சம் உருண்டால்தான் தன் உண்மையான உயரத்துக்கு உட்காரும்; அவர்கள் உருட்டாமலே அளந்தார்கள்.