மல்லி மொட்டில் படிந்த சாம்பல்

அத்திப்பட்டில் செடி வளர்ப்பவர்கள் அனல்மின் நிலையத்திலிருந்து பறந்துவந்து மொட்டின் மேல் படியும் சாம்பலைத் தண்ணீரால் கழுவ மாட்டார்கள். உலர்ந்தபடியே துடைத்துவிடுவார்கள். நனைந்த சாம்பல் வெயிலில் இறுகி ஓடு கட்டிவிடும். அதற்குப் பிறகு மொட்டு விரியாது. பழுத்து, காம்போடு உதிரும். குடிவந்த முதல் கோடையில் செடியைக் குளிப்பாட்டி, இருந்த மொட்டையெல்லாம் இழந்துதான் நாங்கள் இதைத் தெரிந்துகொண்டோம்.

அதன்பின் மொட்டு துடைப்பது என் மனைவியின் காலை வேலையானது. மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி, பாதியாக அறுத்த நீல டிரம்மில் குண்டுமல்லி. என் பழைய ஷேவிங் பிரஷை எடுத்துக்கொண்டாள். காம்பை இரு விரலால் பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. சாம்பல் மெல்லிய புகையாக எழும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

சென்ற ஆண்டு அவளுக்கு இளைப்பு வந்தது. தூசு கூடவே கூடாது என்றார் டாக்டர். நாலு படி ஏறினாலே நெஞ்சில் விசில் கேட்டது. செடியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன்.

“என்னியும் சேத்துக் குட்த்துடேன்,” என்றாள்.

பிரஷ் என் கைக்கு வந்தது. மாசியில் இலையை உருவிவிட்டிருந்ததால் இந்த முறை கிளைதோறும் மொட்டு. அவள் கீழே வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு அதட்டுவாள்.

“யோவ், இன்னா அதுக்கு சேவிங் பண்ணிகினு கீறியா? மெதுவா இழு!”

“கீழ குந்திகினு நீ சொல்லுவ. மேல வந்து பாரு தெரியும்.”

சில நாளில் எனக்கு இருமல் பிடித்தது. கைக்குட்டையை மூக்கில் கட்டியும் நிற்கவில்லை. அவள் அதட்டுவதை விட்டுவிட்டாள். நான் இருமினால், பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்பாள்.

ஒரு மாலை வேலையிலிருந்து திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. படி நெடுகத் தண்ணீர் சிந்தியிருந்தது. மேலே ஓடினேன். டிரம்மின் அருகே சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலி வாளி. ஓரிரு நாளில் விரிய வேண்டிய மொட்டுகளிலிருந்து கருஞ்சேறாக நீர் சொட்டியது.

கீழே ஓடி இன்ஹேலரை எடுத்துவந்து வாயில் வைத்து அழுத்தினேன். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் என் சட்டையைப் பிடித்தாள்.

“பூ கடைல விக்கிது. உன்னிய விக்கிறாங்களா?”

மறுநாள் நல்ல வெயில். நாங்கள் இருவரும் மாடிக்குப் போகவில்லை.