மின்சாரம் தெரிந்தவர்

கணபதி வட்டாரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர்களில் கோவிந்தராஜுலுவின் கைக்குத் தனிப் பெயர் உண்டு. எரிந்துபோன பம்பு மோட்டார்களை மேட்டுப்பாளையத்திலிருந்துகூட வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். இருபது வருடத்தில் எத்தனை தடவை கரண்ட் அடித்தது என்று அவருக்கே நினைவில்லை. மின்சாரம் ஆளை என்ன செய்யும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் 1994 ஆடி மாதத்தில், தம்பி வெங்கடபதிக்கு ஷாக் வைக்க வேண்டும் என்று டாக்டர் சாஜிதா பேகம் சொன்னதும், சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

வெங்கடபதிக்கு ஐந்து வருடமாக மனச்சிதைவு நோய். யாரோ காதுக்குள் ஏசிக்கொண்டே இருப்பதாகச் சொல்வான். மாத்திரையில் நிதானப்பட்டிருந்தான். குணமானவனுக்கு எதற்கு மாத்திரை என்று நிறுத்தியது கோவிந்தராஜுலுதான். சினிமாவில் குணமான எவனும் மாத்திரை விழுங்கி அவர் பார்த்ததில்லை.

இரண்டே மாதம். தம்பி சினிமாவில் வரும் பைத்தியம் போலச் சிரிக்கவில்லை, சட்டையைக் கிழிக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். எட்டு நாளாக, ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, நானும் படம் பாத்திருக்கறனுங்க. கட்டில்ல கட்டிப்போட்டுக் கரண்டை உடுவாங்க. அவன் அலற, தெரு லைட்டெல்லாம் மங்கும். அப்பறம் ஆளு கல்லாட்டம் ஆயிருவானுங்க."

"உங்க தம்பி இப்பவே கல்லாட்டந்தானுங்க இருக்கறாரு."

அவருக்குச் சுருக்கென்றது. "எத்தன வோல்ட்டுங்க?"

"நூத்துச் சொச்சம்."

"ஆளைக் கொல்ல அது போதாதுங்களா?"

"தெரு லைட்டு மங்கோணும்னா எவ்வளவு லோடு இழுக்கோணும்? நீங்களே சொல்லுங்க."

கோவிந்தராஜுலு மனசுக்குள் கணக்குப் போட்டார்: பெரிய மோட்டார் பத்தை ஒன்றாய் ஓட்டினால்தான் தெரு லைட் மங்கும், ஒரு ஆளுக்குக் கொடுக்கிற கரண்டில் மங்காது. அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருந்தும் இந்தக் கணக்கு அவருக்குத் தோன்றியதே இல்லை.

டாக்டர் கருவியைக் காட்டினார். ரேடியோ அளவுதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்ற கோவிந்தராஜுலு மெதுவாகக் கேட்டார்:

"காயில் கட்டுன மோட்டாரை நாங்க எடுத்ததும் லைன்ல குடுக்கறதில்லீங்க. நடுவுல ஒரு நூறு வாட்ஸ் பல்பு போடுவோம். உள்ள கோளாறுன்னா பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு கரண்டை அதுவே தாங்கிக்கும், காயில் தப்பிச்சுக்கும். இதுல அப்படித் தடுக்கறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. வெச்ச அளவுக்கு மேல போகாது, ரெண்டு மூணு செகண்ட்ல தானா நின்னுபோகும். மயக்க ஊசியும், உடம்பு துடிக்காம இருக்கறதுக்கு ஒரு ஊசியும் போட்டுத்தான் குடுப்போம். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆபத்தே இல்லீங்களா?"

"அப்படிச் சொல்ல மாட்டனுங்க. கொஞ்ச நாள் ஞாபகம் தவறும். ஆனா பட்டினி அதைவிடப் பெரிய ஆபத்து."

கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை கதவுக்கு வெளியே அலறலை எதிர்பார்த்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தபோது தம்பியின் கால் பெருவிரல் மட்டும் துடித்து அடங்கியது.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஷாக் கொடுத்தார்கள். நான்காம் தடவைக்குப் பிறகு வெங்கடபதி இட்லியைத் தானே பிட்டான். ஆஸ்பத்திரிக்கு வந்ததே அவனுக்கு நினைவில்லை.

"காதுல இப்ப ஒண்ணும் கேக்கலீல்ல, கண்ணு?"

"கேக்குதுண்ணா. பக்கத்து ஊட்டுல பேசறாப்புல."

அந்தக் குரல் அடியோடு நின்றுபோகும் என்றுதான் கோவிந்தராஜுலு நம்பியிருந்தார். நர்ஸ் கொடுத்திருந்த மாத்திரையை உறையிலிருந்து பிரித்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.

"பேசிப்போட்டுப் போறாங்க. நீ இதை முழுங்கு."