பழைய கெர்னலும் ராமநாதபுரம் கரண்டும்

யாரோ புதுக் கம்ப்யூட்டருக்குச் செய்த ரிப்பேரைப் பழைய கம்ப்யூட்டருக்கும் செய்யலாமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வதுதான் என் பிழைப்பு.

கெர்னல் என்று ஒன்று கம்ப்யூட்டரின் அடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் மேய்க்கிறது. "ஓடுகிற பழசே ஓடட்டும்" என்று பிடிவாதம் பிடிக்கும் கம்பெனிகளுக்காக, புதுக் கெர்னலில் வந்த திருத்தங்களில் நல்லதைப் பொறுக்கிப் பழையதில் ஒட்டுவோம். பேக்போர்ட் என்று அதற்குப் பெயர். டிஸ்க்கில் எழுதுவது, சேமிப்பது சம்பந்தப்பட்ட திருத்தமெல்லாம் என் தலையில். ராமநாதபுரத்தில் வீட்டிலிருந்தே வேலை. 'அப்டேட் செய்யவா?' என்று கேட்கும் பெட்டியை முறைத்துக்கொண்டு 'அப்புறம்' என்று அழுத்துகிறீர்களே, நீங்களெல்லாம் என் சாதிசனம். அந்த 'அப்புறம்'தான் எனக்குச் சோறு போடுகிறது.

என்ன கைராசி!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு திருத்தம் பழைய கெர்னலில் சொன்ன பேச்சுக் கேட்டு ஒட்டிக்கொண்டது. ஒரு வரிகூட முரண்டு பிடிக்கவில்லை. எனக்குத்தான் என்ன கைராசி என்று பூரித்துப்போய் 'ஏற்கலாம்' என்று எழுதிவிட்டேன்.

சோதனையில் மெஷின் ஆணி அடித்தாற்போல் நின்றது. விசாரித்தால், அந்தப் பிழை புதுக் கெர்னலில் பிறந்த பிழையாம். பழசில் அது இருந்ததே இல்லை. இல்லாததைத் திருத்தப் போய் இருந்ததைக் கெடுத்திருக்கிறேன், அதில் பெருமை வேறு. என்னோடு வேலை பார்க்கும் கார்த்திக் சென்னையிலிருந்து போன் போட்டான்.

"அக்கா, நல்லா இருந்த ஆளைப் படுக்கப் போட்டு ஆபரேஷன் பண்ணிட்டீங்க."

அரை மாப்பிள்ளை

என் தம்பி ஜெரால்டு தங்கச்சிமடத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். அவன் மெஷினுக்கும் எங்கள் பழைய கெர்னலைத்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். கல் மாதிரி நிற்கும் என்று சத்தியம் பண்ணாத குறை. ஒரு கல்யாணப் படங்களை ஏற்றும்போது கரண்ட் போயிருக்கிறது. யூபிஎஸ் செத்துப் பல மாசம். திறந்து பார்த்தால், தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல். கேமரா கார்டையும் அடுத்த ஞானஸ்நானத்துக்காக அழித்துவிட்டான். மிச்சப் படமும் போனால் கல்யாணத்தை மறுபடி நடத்தவா முடியும்? பெண்ணின் அப்பா மீன்பிடிப் போட்டுக்காரர், கோபக்காரர். கடையை மூட வேண்டியதுதான். நான் சொல்கிறவரை மெஷினைத் தொடாதே என்று அவனை அதட்டி வைத்தேன்.

காரணம் பிறகு தெரிந்தது. டிஸ்க் எழுதி முடிக்காமலே 'எழுதிட்டேன்' என்கிறது, எங்கள் கெர்னல் அதை அப்படியே நம்புகிறது. புதுக் கெர்னலில் இதற்குத் திருத்தம் இருந்தது. ஆனால் ஒட்டுமுன் அந்தப் பிழை பழசிலும் உண்டு என்று உறுதி செய்ய வேண்டும்; கார்த்திக் சென்னையில் எத்தனை முறை ஸ்விட்சை அணைத்துப் பார்த்தும் அது வரவில்லை. எப்படி வரும்? அங்கே அணைத்தால் அணைந்ததுதான்; எங்கள் ஊர்க் கரண்ட் போகும், வரும், வந்த மாதிரி நடித்துவிட்டு மறுபடி போகும். என் வீட்டு மெஷினில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பிழை வந்துவிட்டது. ஆனந்தத்தில் கைதட்டினேன், வெட்கங்கெட்டவள்!

"அக்கா, உங்க ஊர் ட்ரான்ஸ்பார்மரையே நம்ம டீம்ல சேத்துக்கலாம்" என்றான் கார்த்திக்.

நன்றி கெட்ட உலகம்

திருத்தத்தை ஒட்டி, முன்னோட்டமாக மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கொடுத்தோம். இனி டிஸ்க் உண்மையாகவே எழுதி முடிக்கும்வரை கெர்னல் காத்திருக்கும். மறுநாளே சென்டர்காரர் போன் செய்தார்: மெஷின் ஆமையாகிவிட்டதாம். முன்பு அது எழுதாமலே எழுதியதாகச் சொன்னது, இப்போதுதான் ஒழுங்காக எழுதுகிறது என்று தொண்டை வறள விளக்கினேன். நன்றி சொல்வார் என்று பார்த்தால்,

"மேடம், முன்ன பொய் சொன்னாலும் சுறுசுறுப்பாச் சொல்லுச்சு."

கையெழுத்து

ஒருவழியாக ஒரு நாள் காலையில் 'பாதுகாப்பானது, எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பலாம்' என்று கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் ஜெரால்டு வந்து நின்றான். பாம்பன் பாலம் முழுக்க மெஷினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறான்.

"அக்கா, அந்தத் திருத்தத்த இதுலயும் போட்டுரு. ஆல்பம் கேட்டுப் பொண்ணு வீட்டு ஆளு கடையிலேயே உக்காந்திருக்கு."

கீபோர்டுக்குப் போன கை அப்படியே நின்றுவிட்டது. ஒட்டியதில் எங்காவது பிசகியிருந்தால்?

"பொறுலே. படத்தையெல்லாம் மொதல்ல வேற டிஸ்க்ல ஏத்துவோம். திருத்தத்த என் மெஷின்ல ஒரு வாரம் ஓடவிட்டுப் பாத்துட்டுப் போடுறேன்."

"ஏன், அது நல்லதில்லையா?"

"நல்லதுதான்."

"எல்லாருக்கும் அனுப்பிட்டியா?"

"காலையிலயே கையெழுத்துப் போட்டாச்சு."

என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஊரான் மெஷினுக்குன்னா காலையிலயே கையெழுத்து, தம்பி மெஷினுக்குன்னா ஒரு வாரமாக்கா?"

படங்களைப் பத்திரமாக வேறு டிஸ்க்கில் ஏற்றிய கையோடு என் கையெழுத்தையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். எங்கள் தொழிலில் 'பாதுகாப்பானது' என்றால், அடுத்தவர் மெஷினில் தைரியமாகப் போடலாம் என்று அர்த்தம்.