சபாநாயகர் எழுந்தால்...

உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு வாய் சும்மா இருக்காது!

போன ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் படிப்பக ஆண்டு விழா. மாதிரி சட்டசபை நடத்தினோம். நான் சபாநாயகர். தகுதி? தொந்திதான்!

"லண்டன் பிரபுக்கள் சபையில தலைவருக்கு நாற்காலி கிடையாது. கம்பளி அடைச்ச சிவப்பு மூட்டைதான் ஆசனம். ரொம்ப பழைய சம்பிரதாயம்!" என்று ஒத்திகையில் அளந்துவிட்டிருந்தேன்.

படிப்பகச் செயலாளர் தயாளன் காரியக்காரர். லாட்ஜில் கழித்துப்போட்ட கம்பளிகளைச் சாக்கில் திணித்து, மேலே சிவப்புத் துணி போட்டுத் தைத்துவிட்டார். உட்கார்ந்தேன். ஆஹா... என்ன கம்பீரம்!

சபையில் எல்லாமே விளையாட்டு — ஒன்றைத் தவிர. சாலவாக்கம் பக்கத்திலிருந்து ருக்மணியம்மா நிஜக் கோரிக்கையோடு வந்திருந்தார். ஊருக்கு டவுன் பஸ் வேண்டும். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர், பஸ் டிப்போ மேனேஜர். நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். அவர் காதில் விழுந்தாக வேண்டும்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே..." ஆரம்பித்தார் ருக்மணியம்மா.

சுருக்!

துள்ளி எழுந்தேன். சபாநாயகர் எழுந்தால் பேசுகிறவர் உட்கார வேண்டும். விதி! ஒத்திகையில் நானே உருப்போட வைத்தது. அவர் உட்கார்ந்தார். நான் உட்கார, அவர் எழுந்தார்.

"என் பொண்ணு இஸ்கூலுக்கு நாலு மைலு நடந்துகினு..."

சுருக்! நான் எழுந்தேன். அவர் உட்கார்ந்தார்.

லண்டனில் கம்பளி மூட்டை. எனக்கு மூட்டைப்பூச்சி!

ஐந்தாவது தடவை ருக்மணியம்மா உட்காரவில்லை. நேரே என் பக்கத்தில் வந்தார்.

"இன்னா நைனா இது? நீ குந்தினாதான நான் பேசறது?"

"முடியலம்மா... கடிக்குது!" கிசுகிசுத்தேன்.

"கடிக்கட்டும். இந்த வருசமும் பஸ்ஸு இல்லன்னா அவ அப்பன் அவள இஸ்கூலவுட்டு நிறுத்திடுவான். குந்து!"

மேனேஜர் வாட்சைப் பார்த்தார். செருப்பைத் தேடினார்.

உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். கீழே அவை என்னைக் கடித்தன. ருக்மணியம்மா பேசினார்... பேசினார்... மூச்சு விடாமல் பேசினார். என் கண்ணில் தாரை தாரையாக நீர்.

மேனேஜர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

"சபாநாயகரே இப்படி அழறாருன்னா அந்த ஜனங்க என்ன கஷ்டப்படணும்! திங்கக்கிழமையிலேர்ந்து காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு... பஸ் வரும்!"

விசில் பறந்தது. ருக்மணியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப நைனா!" என்று குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

வந்துவிட்டது சார் பஸ்! நேற்று பார்த்தேன், ஜன்னலோரம் ருக்மணியம்மாவின் பெண்.

பொதுவாழ்வில் நானும் விழுப்புண் வாங்கியவன்தான். என்ன, மேடையேறிக் காட்ட முடியாத இடம்!